ஜெயமங்கலத்திலிருந்து தெரியும் தீவுகள்

"நம்ம ஊருக்குப் பக்கத்துல இருக்கிற தீவு எது?" என்று தேனி மாவட்டத்தில் எந்த வகுப்பில் கேட்டாலும் ராமேசுவரம் என்றுதான் பதில் வரும். கொஞ்சம் விவரமான பிள்ளை இலங்கை என்று சொல்லும். ஜெயமங்கலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கும் ஆசிரியர், பதில் வந்ததும் பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துப்போய் வடக்கே பார்க்கச் சொல்லலாம். நெல் வயலுக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் தென்னந்தோப்புக்கும் அப்பால் சுவர்போல நிற்கிறது பழனிமலை. அதன் உச்சிப்பகுதிதான் நமக்கு மிக அருகிலுள்ள தீவு.

சுற்றிலும் கடல் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டும். தீவு என்பது நீரால் சூழப்பட்ட நிலம் என்றுதான் நாம் கற்பிக்கிறோம். ஓர் உயிரினத்தின் பக்கம் நின்று பார்த்தால், அதனால் வாழ முடியாத, எளிதில் கடக்கவும் முடியாத பரப்பால் சூழப்பட்ட இடம் எதுவும் தீவுதான். குளிர்ந்த, ஈரமான சோலைக்காட்டில் மட்டுமே வாழும் ஒரு சிறு பறவைக்கு பெரியகுளத்து வெயில் கடலைவிடக் குறைந்ததல்ல. இப்படி மலையுச்சிகளில் அமைந்த வாழிடங்களை உயிரியலாளர்கள் வான்தீவுகள் என்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியில் நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, மேகமலை, அகத்தியமலை என்று ஒரு தீவுக்கூட்டமே இருக்கிறது.

இதைக் கணக்காகவும் போட்டுக் காட்டலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். பெரியகுளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். வித்தியாசம் 1,800 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அப்படியானால் வெப்ப வித்தியாசம் ஏறக்குறைய 12 டிகிரி. வாகனப் பாதை வருவதற்கு முன்னால் இங்கிருந்து கும்பக்கரை, வெள்ளகவி வழியாக நடந்தே கொடைக்கானலுக்கு ஏறினார்கள். அந்த ஒரு நாள் நடையில் மனிதர்கள் கடந்தது இரண்டு வெவ்வேறு தட்பவெப்ப உலகங்களை.

மேலே என்ன இருக்கிறது? சுமார் 1,800 மீட்டருக்கு மேல் இரண்டு வகை நிலம் அடுத்தடுத்து இருக்கும். மடிப்புகளிலும் ஓடையோரங்களிலும் குட்டையான, நெருக்கமான, பாசி படர்ந்த மரங்கள், இதுதான் சோலை. மேடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி. வரையாடு மேய்வது இந்தப் புல்வெளியில். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி வளர்வதும் பெரும்பாலும் இங்கேதான். நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவை புல்வெளியில்தான் கூடு கட்டும். மரங்கள் அடர்ந்த இடத்துக்குப் போகாது. ஆக, சோலையும் ஒரு தீவு, புல்வெளியும் ஒரு தீவு. தீவுக்குள் தீவு.

இந்தத் தீவுகள் தனித்தனியே பிரிந்து கிடந்ததால் என்ன ஆயிற்று என்பதற்கு இரண்டு பறவைகள் நல்ல சான்று. பழனிமலையில் பறவைகளைச் சேகரித்த பாதிரியார் சாமுவேல் ஃபேர்பேங்க் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு வில்லியம் பிளான்ஃபோர்டு 1860-களின் இறுதியில் இரண்டையும் விவரித்தார். ஒன்று பழனிச் சிரிப்பான். ஃபேர்பேங்க்கின் பெயர் இன்றும் அதன் அறிவியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று நீல உடலும் வெள்ளை வயிறும் கொண்ட, சோலையின் இருட்டுக்குள் தரையை ஒட்டித் திரியும் சிறு பறவை. நீண்ட காலம் இதை இமயமலைப் பக்கத்துப் பறவைகளோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2017-இல் திருப்பதி ஐசர் நிறுவனத்தின் வி.வி. ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு, இது வேறெங்கும் இல்லாத தனிப் பேரினம் என்று காட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் ஷோலிகோலா. 'சோலையில் வாழ்வது' என்று பொருள். நம் ஊர்ச் சொல் லத்தீன் உடை போட்டுக்கொண்டு உலக நூல்களுக்குள் போயிருக்கிறது. பொதுப்பெயர் சோலைக்கிளி. மலையாளத்தில் எந்தச் சிறு பறவையும் கிளிதான் என்பதால் அப்படி. பச்சைக்கிளியைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள்.

இந்தச் சோலைக்கிளி எங்கெங்கே பிரிந்திருக்கிறது என்று பார்த்தால் வரைபடப் பாடமே வந்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஓர் இனம். அதற்குத் தெற்கே ஆனைமலையிலும் பழனிமலையிலும் இன்னோர் இனம். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் இருப்பதை அந்த ஆய்வு மூன்றாவது இனமாகப் பெயரிட்டது. சிரிப்பான்களும் ஏறத்தாழ இதே கோடுகளில்தான் பிரிந்திருக்கின்றன. நம் பாடநூலில் கணவாய் என்றால் போக்குவரத்துக்கு வழி. சோலைக்கிளிக்கு அது தடை. பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான, வெப்பமான தாழ்நிலம். பறக்கத் தெரிந்த பறவை அதை லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பறந்து கடக்கவில்லை.

பழைய தட்பவெப்ப மாற்றங்கள் இங்கே எப்படி வேலை செய்தன என்பதை விளக்க ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி போதும். தொட்டிக்குள் களிமண்ணால் மூன்று நான்கு குன்றுகள் செய்யச் சொல்லுங்கள். சிலவற்றுக்கு இடையே உயரமான முகடு இருக்கட்டும். ஓரிடத்தில் மட்டும் அடிவரை ஆழமான பள்ளம் விடுங்கள். இப்போது மெதுவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இந்தத் தண்ணீர் கடல் அல்ல, வெப்பம். பூமி சூடாகச் சூடாக மட்டம் ஏறும். குன்றுகள் தனித்தனித் தீவுகளாகும். பூமி குளிர்ந்தால் மட்டம் இறங்கும். முகடுகள் வெளிப்பட்டுக் குன்றுகள் ஒன்றோடொன்று சேரும். ஆழப் பள்ளம் மட்டும் எப்போதும் தண்ணீரில்தான் இருக்கும். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆனைமலைக்கும் பழனிமலைக்கும் நடுவில் இருப்பது முகடு; கவுஞ்சி, டாப் ஸ்டேஷன் பக்கமாக இரண்டும் உயரத்திலேயே தொட்டுக்கொள்கின்றன. அதனால்தான் இரண்டிலும் ஒரே இனம்.

இந்தத் தொட்டி வெறும் கற்பனை அல்ல. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனிக்காலம் உச்சத்தில் இருந்தபோது உலகம் இன்றைவிடப் பல டிகிரி குளிர்ந்திருந்தது. பெருமளவு நீர் துருவப் பகுதிகளில் பனியாக உறைந்ததால் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அவ்வளவு ஆழமில்லை. அன்று ராமேசுவரமும் தீவில்லை, இலங்கையும் தீவில்லை. நிலத்தைத் துளைத்து வாழும் கேடயவால் பாம்புக் குடும்பம் உலகிலேயே தென்னிந்தியப் பகுதியிலும் இலங்கையிலும் மட்டும் இருப்பது, இரு நிலங்களும் திரும்பத் திரும்ப இணைந்து பிரிந்ததன் அடையாளங்களில் ஒன்று. நீலகிரியிலும் பழனிமலையிலும் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரத்தை மலைமக்கள் காட்டுப்பூவரசு என்பார்கள். அதன் நெருங்கிய உறவுகள் இமயமலையில். இடையே ஈராயிரம் கிலோமீட்டர் வெப்பநிலம். குளிர்ந்த காலங்களில் பரவியிருந்த மரம், வெப்பம் கூடியபோது உச்சிகளில் மட்டும் மிஞ்சிக்கொண்டது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

நீலகிரியில் இதற்கு மண்ணிலேயே பதிவு இருக்கிறது. அங்குள்ள சதுப்புகளில் பீட் என்று சொல்லப்படும் பாதி மட்கிய தாவரச் சேறு ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆர். ரமேஷ் உள்ளிட்டோர் அந்த அடுக்குகளில் கார்பன்-13 என்ற கனமான கார்பனின் அளவைப் பார்த்து 1993-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். மேல்வகுப்பு ஆசிரியர்களுக்கு இதன் அடிப்படை தெரிந்ததே: ஒளிச்சேர்க்கையில் சி-3, சி-4 என்று இரண்டு வழிகள். மரங்களும் நெல்லும் சி-3. கரும்பும் சோளமும் வறண்ட புல்வெளியின் பல புற்களும் சி-4. இரண்டும் கார்பன்-13-ஐ வெவ்வேறு அளவில் உடம்பில் சேர்க்கின்றன. எனவே சேற்றைப் பார்த்தே, அந்தக் காலத்தில் அங்கே மிகுந்திருந்தது புல்லா மரமா என்று சொல்ல முடியும். பனிக்கால உச்சத்தில் நீலகிரியில் புல் ஓங்கியிருந்தது; பின்னர் மழை கூடிய காலங்களில் மரம் முன்னேறியது; மீண்டும் வறட்சி வந்தபோது புல் திரும்பியது.

இந்த ஆய்வு ஆசிரியர்களுக்கு முக்கியமாவதற்குக் காரணம் உண்டு. மலையுச்சிப் புல்வெளி என்பது யாரோ காட்டை வெட்டி மாடு மேய்த்ததால் உண்டான வெற்றுநிலம் என்ற எண்ணம் நீண்ட காலம் இருந்தது. இப்போதும் பல பிள்ளைகள் மரம் இருந்தால் காடு, மரம் இல்லாவிட்டால் பொட்டல் என்றுதான் எழுதுகிறார்கள். மனிதர்கள் இந்த மலைகளுக்குப் புதியவர்கள் அல்ல என்பது உண்மை; தாண்டிக்குடிப் பக்கம் உள்ள பெருங்கற்காலக் கல்திட்டைகளே சாட்சி. மேய்ச்சலும் தீயும் புல்வெளியின் எல்லைகளை அங்கங்கே மாற்றியிருக்கும். ஆனால் புல்வெளியே மனிதர் உண்டாக்கியது என்பதை அந்தச் சேறு மறுக்கிறது. 20,000 ஆண்டு வயதுள்ள நிலத்தைத் தரிசு என்று கணக்கில் எழுதினால், அதில் எதையாவது நட வேண்டும் என்றுதான் அடுத்துத் தோன்றும்.

அப்படித்தான் நடந்தது. ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட தைல மரமும் வாட்டில் என்கிற சீகை மரமும் விடுதலைக்குப் பிறகு பெரிய அளவில் புல்வெளிகளில் நடப்பட்டன. வாட்டில் பட்டை தோல் பதனிடுவதற்கு; தைல மரம் ரேயான் கூழுக்கு; கூடவே பைன் மரம். நட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு நடவில்லை. பயனற்ற நிலத்தைப் பயனுள்ளதாக ஆக்குகிறோம் என்றே நினைத்தார்கள். எம். அரசுமணி, வி.வி. ராபின் உள்ளிட்டோர் பழனிமலையின் பழைய, புதிய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதன் இடத்தில் மரத்தோட்டங்களும் விவசாயமும். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகள் பைன் காட்டில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் நிற்பது பழைய புல்வெளியாகவே இருக்கக்கூடும்.

விவசாயத்தைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்துக் கதையையும் சேர்த்தே பேச வேண்டும். ஜெயமங்கலத்துக்கு அடுத்துள்ள வடுகபட்டியின் பூண்டுச் சந்தை தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி போன்ற மேல்மலைக் கிராமங்களில் விளையும் பூண்டு இங்கேதான் இறங்குகிறது. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் சில பிள்ளைகளின் வீட்டில் அடுப்பு எரிவது இந்தச் சந்தையால். எனவே விவசாயம் கெடுத்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. எந்தச் சரிவில், எவ்வளவு, எதை விட்டுவைத்து என்று கேட்பதே சரியான கேள்வி. வரைபடத்தை வைத்துப் பிள்ளைகளையே விவாதிக்க விடலாம். பூண்டு வியாபாரியின் மகனுக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கட்டும்.

தீவு சுருங்கினால் என்ன? 1967-இல் ராபர்ட் மக்ஆர்தரும் எட்வர்டு வில்சனும் எழுதிய தீவு உயிர்ப்புவியியல் நூல் சொன்ன விதி எளிமையானது. பெரிய தீவில் இனங்கள் அதிகம். சிறிய தீவில் குறைவு. அருகிலுள்ள தீவுக்குப் புதிய உயிர்கள் எளிதில் வந்து சேரும், தொலைவிலுள்ளதற்கு அரிதாக. இதை மைதானத்தில் செய்துகாட்டப் புளியங்கொட்டை போதும். சாக்கட்டியால் பெரிய வட்டம், சிறிய வட்டம், பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று வரைந்து, ஒரே கோட்டில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்குப் பத்துக் கொட்டை வீசட்டும். எண்ணிப் பட்டியல் போட்டால் விதி தானாக வரும். அடுத்து, பெரிய வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்தித்தாளால் மூடிவிட்டு மறுபடி வீசச் சொல்லுங்கள். தாளின் மேல் விழுந்தவை கணக்கில் இல்லை. பழனிமலைப் புல்வெளியின் கணக்கு அதுதான்.

ஆனால் புளியங்கொட்டை காட்டாத ஒன்று இருக்கிறது. எண்ணிக்கை குறைவதற்கு முன்னாலேயே உள்ளுக்குள் மாற்றம் தொடங்கிவிடுகிறது. காடுகள் துண்டானதால் பிரிந்துபோன சோலைப்பறவைக் கூட்டங்களின் மரபணுக்களில் அந்தப் பிரிவின் தடம் தெரிகிறது என்று ராபின், உமா ராமகிருஷ்ணன் குழு 2015-இல் எழுதியது. மறு ஆண்டு வந்த ஆய்வு பாட்டைக் கவனித்தது. பழைய கணவாயால் பிரிந்த சோலைக்கிளிகள் வேறு வேறு விதமாகப் பாடுகின்றன, அது எதிர்பார்த்ததே. அண்மைக்காலக் காடழிப்பால் பிரிந்த கூட்டங்களின் பாட்டிலும் வேறுபாடு இருந்தது, ஆனால் வேறு கூறுகளில். பாட்டு இப்பறவைகள் இணை தேடும் வழி. கணவாய் லட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்ததன் தொடக்கத்தை நாம் ஓரிரு நூற்றாண்டுகளில் எட்டியிருக்கிறோம். இதைப் புதிய இனம் உருவாகும் வழி என்று மகிழ முடியாது. சிறிய கூட்டங்கள் பிரிந்து நின்றால், புதிய இனமாக மாறுவதற்கு முன்பே அழிந்துபோவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

கடல் தீவுகளிலும் கதை இப்படித்தான். மொரீஷியசுக்கு 1598-இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கினார்கள்; பறக்கத் தெரியாத டோடோ பறவை நூறு ஆண்டுக்குள் இல்லாமல் போனது. வேட்டையைவிட, கப்பலோடு வந்த பன்றியும் எலியும் குரங்கும் அதன் முட்டைகளைத் தின்றதே பெரிய காரணம் என்பார்கள். நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பாடநூலில் இருக்கிறது. அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி இரண்டும் இப்போது நீருக்கடியில். சுண்ணாம்புக்காகவும் சிமெண்டுக்காகவும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அலைக்கு எதிரான அரண் போய்விட்டது. பழனிமலைத் தீவு அப்படி மூழ்காது என்று தோன்றும். தொட்டியை மறுபடி நினைத்துப் பாருங்கள். இன்று வெப்ப மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. கீழே வாழும் உயிர்கள் மேலே நகரலாம். உச்சியிலேயே இருப்பவை எங்கே போகும்? பழனிமலையின் மிக உயர்ந்த சிகரமே 2,500 மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது.

இதெல்லாம் மேலே உள்ளவர்கள் கவலை, கீழே நமக்கென்ன என்று ஒரு பிள்ளை கேட்கலாம். ஜெயமங்கலம் வழியாக ஓடும் வராக நதி அந்த மலையிலிருந்துதான் இறங்குகிறது. பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் சோத்துப்பாறை அணையில் நிறைவதும் அந்த மலைநீரே. புல்வெளியில் மரம் நட்டால் நீர் என்னவாகும் என்பதை நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். புல்வெளி ஓடைப்படுகையின் ஒரு பகுதியில் தைல மரம் நட்ட பத்து ஆண்டுகளில் ஓடைக்கு வரும் நீர் ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. மரம் மழையைக் கொண்டுவரும் என்ற பொதுவாக்கியத்தை அந்த இடத்தில் அப்படியே சொல்ல முடியாது. கோடையில் வராக நதி மணலாகக் கிடப்பதற்கு மணல் அள்ளுதல், கிணறுகள், மழைக்குறைவு என்று பல காரணங்கள் இருக்கின்றன. எல்லாப் பழியையும் தைல மரத்தின் மேல் போட முடியாது. ஆனால் அதுவும் ஒரு காரணமாக இருக்க முடியும் என்று தெரிந்துதான் பேச வேண்டும்.

மரம் நடுவிழா நடத்தும் நமக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பள்ளி வளாகத்தில் புங்கனும் வேம்பும் நடுவது நல்லது. அதை நிறுத்தத் தேவையில்லை. மரம் எங்கும் எப்போதும் நல்லது என்ற பாடத்தை மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. எந்த மண்ணுக்கு எது சொந்தம் என்று கேட்டுவிட்டு நடுவது என்று சொல்லிக்கொடுக்கலாம்.

அப்படியானால் வாட்டில் மரங்களை எல்லாம் வெட்டிவிட்டால் புல்வெளி திரும்பிவிடுமா? வகுப்பில் இது கட்டாயம் வரும் கேள்வி. பதில் அவ்வளவு சுலபமில்லை. வாட்டில் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீப் பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும். ஒருமுறை வெட்டிவிட்டு வந்துவிட்டால் முன்பைவிட நெருக்கமாக வளர்ந்து நிற்கும். பழைய மரத்தோட்டங்களின் நிழலில் சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து வருகின்றன. அங்கே வெட்டுவதைவிட விட்டுவைப்பதே நல்லது என்று வாதிடுவோர் உண்டு. அந்நிய மரம் புதிதாகப் பரவத் தொடங்கியுள்ள புல்வெளி விளிம்புகளில் இளங்கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்குவதுதான் செலவு குறைவாகவும் பலன் அதிகமாகவும் தரும் வேலை. அந்நியத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக் கொள்கை வெளியிட்டது. அதே காலத்தில் நீலகிரி வரையாடு திட்டமும் தொடங்கியது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள், 2025-இல் 1,303. அதிக இடங்களில் தேடியதாலும் எண்ணிக்கை கூடும் என்பதை, புள்ளியியல் பாடம் நடத்துகிறவர் சேர்த்துச் சொல்லலாம்.

குறிஞ்சி கடைசியாகப் பெருமளவில் பூத்தது 2018-இல். அடுத்தது 2030. இப்போது நம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்போது என்ன வயதாகும் என்று கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே, 2018-இல் மேல்மலைக்குப் போய்ப் பார்த்த பெரியவர்கள் யாராவது வீட்டில் இருக்கிறார்களா, எந்தச் சரிவில் பார்த்தார்கள், அதற்கு முன் 2006-இல் பூத்தபோது அந்தச் சரிவு எப்படி இருந்தது என்று விசாரித்து வரச் சொல்லுங்கள். பூண்டு ஏற்றிவர மலைக்குப் போகும் லாரி ஓட்டுநர்களிடம் இதற்கு நல்ல பதில் கிடைக்கும்.